பனிமலைப் பிணங்களும் வல்லத்து விருந்தும்

நான் செஞ்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவேன். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே ஆளைப் பற்றியவை என்பதை என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை.

கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸால் இதயத்தின் நான்கு அறைகளையும் என்னைப்போல் வரைய இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்பது என் எண்ணம். வரைந்த இதயம் சொட்டாது. கல்லூரியில் தவளை அறுக்கிற வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரன் இரண்டு பேருக்கும் சேர்த்து அறுப்பான். நான் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தபடி இரண்டு பேருக்கும் சேர்த்துப் படம் வரைவேன். நான் வாத்தியாராக வந்து சேர்ந்தபோது பள்ளிகளில் தவளை அறுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். அந்தச் செய்தியில் தவளைகளுக்கு அடுத்தபடியாக மகிழ்ந்தவன் நான்தான்.

எனக்குப் பெண் அமைந்தது செஞ்சிக்குப் பக்கத்திலேயே, வல்லத்தில். நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற குடும்பம். பெண் பக்கத்தில் அனந்தபுரத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தாள். நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் போனில் பேசினோம். அதாவது அவள் பேசினாள், நான் ஆமாம் போட்டேன். கோயம்புத்தூர் பிடிக்குமா, பிடிக்கும். பாகற்காய் பிடிக்குமா, உயிர். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் கேட்டாள்.

“உங்களுக்குப் பேய்ப் படம் புடிக்குமா? நம்ம ஊரு பேயி இல்ல. வெளிநாட்டுது. ரத்தம் பீச்சி அடிக்கும், ஆனா சிரிப்பா இருக்கும்.”

“ரொம்பப் புடிக்கும்” என்றேன்.

அவள் குரலே மாறிவிட்டது. அதுவரை மரியாதைக்குப் பேசிக்கொண்டிருந்தவள் சொந்தக்காரியாகிவிட்டாள். நாள் முழுக்க கவுன்டரில் உட்கார்ந்து எல்லாரிடமும் சிரித்த முகமாகப் பேசிவிட்டு வருகிறவளுக்கு, தலை உருளுகிற ஒரு படம் பார்த்தால்தான் மனசு லேசாகுமாம். “அதுல யாரும் யாருக்கும் மரியாத குடுக்க வேணாம் பாருங்க” என்றாள். தனக்கு ரொம்பப் பிடித்த படம் என்று ஒன்றின் கதையைச் சொன்னாள்.

எங்கோ ஒரு பனிமலை. ஒரு காலத்தில் அந்த மலைமேல் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போன பேண்டு வாத்தியக் கோஷ்டி பனிச்சரிவில் மொத்தமாகப் புதைந்துபோனது. இப்போது அங்கே பனிச்சறுக்கு விளையாட வந்த நண்பர்கள் சிலர் பனியைத் தோண்டும்போது ஒரு ஊதுகுழல் கிடைக்கிறது. வேலையில்லாமல் ஒருத்தன் அதை எடுத்து ஊதுகிறான். புதைந்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். பேண்டு மாஸ்டர் முன்னால், மற்றவர்கள் பின்னால், சீருடை, தொப்பி, மேளம் எல்லாவற்றோடும். கடிக்க வருகிறார்கள், ஆனால் தாளம் தப்பாமல் வருகிறார்கள். அதுதான் அவர்களிடம் உள்ள பலவீனம். ஒருத்தன் தாளத்தை மாற்றித் தட்டினால் அவர்கள் கால் பின்னி விழுவார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது நடிப்பில்லை. அவள் சொன்ன விதம் அப்படி. சொல்லில் கேட்கும்போது ரத்தம் இல்லையே. அந்த உற்சாகத்தில் தேவையில்லாத ஒரு வரியையும் சேர்த்துவிட்டேன். “இந்த மாதிரி படத்தையெல்லாம் நான் சாப்டுக்கினே பாப்பேன்.”

கல்யாணம் சித்திரையில் நடந்தது. அந்த வாரக் கடைசியில் மாமியார் வீட்டு விருந்துக்கு அழைப்பு. வல்லத்துக்குப் போவதற்கு முதல்நாள், காலை வெயில் ஏறுவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ராஜகிரிக் கோட்டை ஏறினோம். அவள் ஆடு மாதிரி ஏறினாள். நான் மேல் பாலத்துக்கு முன்னால் இருக்கிற பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் இந்தப் பாறைதான் எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

விருந்தில் தலைக்கறி, குழம்பு, வறுவல், ரத்தப் பொரியல் எல்லாம் இருந்தன. ரத்தப் பொரியலைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன், இரண்டாம் முறை கேட்டும் வாங்கினேன். வெந்து பழுப்பாகித் தேங்காய்ப்பூ போட்டு வந்துவிட்டால் என்னைப் பொறுத்தவரை அது ஒரு கறி, அவ்வளவுதான். எனக்கும் சிவப்புக்கும்தான் ஆகாது.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் ஹாலில் சாய்ந்திருந்தபோது மனைவி லேப்டாப்பை டிவியில் மாட்டினாள். எனக்காக ஏற்பாடு செய்திருந்தாளாம். ஜன்னல் கதவுகளைச் சாத்தினாள். “அவருக்கு ரொம்பப் புடிச்ச டைப்பு படம், நைனா” என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள். மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாமியார் தரையில் பூ கட்ட உட்கார்ந்தார்.

முதல் கொஞ்ச நேரம் வெறும் பனி. வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது, உள்ளே மலை மலையாகப் பனி. இவ்வளவு பனியில் துவைத்த துணி எப்படிக் காயும் என்று மாமியார் கவலைப்பட்டார். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. பிறகு அந்த மடையன் ஊதுகுழலை எடுத்து ஊதினான்.

எனக்கென்று சில உபாயங்கள் உண்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் மடியில் வைத்துக்கொண்டேன். டிவிக்கு மேலே மாட்டியிருந்த காலண்டர் முருகனை உற்றுப் பார்த்தேன். மற்றவர்கள் சிரிக்கும்போது அரை நொடி தாமதமாகச் சிரித்தேன். திரையில் வெள்ளையும் சிவப்புமாக ஏதோ கலங்கியது, அவ்வளவுதான் தெரிந்தது. பனியில் ரத்தம் இன்னும் சிவப்பாகத் தெரியும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத உண்மை.

மாமனாரோ படத்தில் மூழ்கிவிட்டார். ஒருத்தன் பனியை வாரி வீசுகிற இயந்திரத்தை பேண்டுக்காரர்கள் மேல் விட்டு ஓட்டியபோது அவர் அந்த இயந்திரத்துக்காகப் பரிதாபப்பட்டார். நெல் அறுக்கிற மிஷினையே ஈரத்தில் விட்டால் பெல்ட் போய்விடும், இவன் இப்படி ஓட்டுகிறானே என்றார். அப்புறம் பெரிய குழல் ஊதுகிற ஒரு பிணத்தின் குடல், மலையேறுகிற கம்பி வண்டியின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. வண்டி மேலே போகப் போகக் குடல் உருவிக்கொண்டே வந்ததாம். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமனாருக்கு மட்டும் சந்தேகம் வந்துவிட்டது.

“மாப்ள, நீங்க சொல்லுங்க. மனுசனுக்குக் கொடலு இம்மாம் நீளம் இருக்குமா?”

“இருக்கும் மாமா. சிறுகுடலே ஆறு மீட்டருக்கு மேல” என்றேன் முருகனைப் பார்த்தபடி.

“பாக்காமயே சொல்றீங்களே. இங்க பாருங்க.”

ஒரு மாமனார் முதல்முதலாகக் கேட்கிற பாடச் சந்தேகம். கண்ணாடியைப் போட்டேன், பார்த்தேன். பார்த்ததும் எனக்குள் இருந்த வாத்தியான் எழுந்துகொண்டான். நீளம் சரிதான், ஆனால் பெருங்குடலைத் தப்பான முனையில் ஒட்டியிருந்தார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். “பெருங்குடல்” என்றது வரை நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். முகமெல்லாம் தண்ணீர். கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். நல்லவேளை, படத்தை நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியிருந்தது அதே இடத்தில். டிவி முழுக்கக் குடல் அசையாமல் நின்றது. நான் மறுபடியும் கண்ணை மூடிவிட்டேன்.

அடுத்த முறை விழித்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன், சொல்லவும் சொன்னேன். எனக்கு ரத்தம் ஆகாது, படத்தைப் பார்த்துத்தான் மயக்கம் வந்தது என்றேன். மாமியார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். உடம்பை அறுத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர் படத்தைப் பார்த்து மயங்குவாரா என்றார். மனைவி எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு கடைசி ஆணியை அடித்தாள்.

“இல்லம்மா, அவரு இதெல்லாம் சாப்டுக்கினே பாப்பாரு.”

மாமியார் பூவை ஒதுக்கி வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார். நேற்று எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம், எங்கே உட்கார்ந்தோம். கோட்டை என்றதும் அவர் முகம் இருண்டது. எந்தப் பாறை என்று கேட்டார். சொன்னோம்.

“மஞ்ச வாசனகூட போகல. அங்க எத்தினி பேரு வெட்டிக்கினு செத்தாங்களோ. போயி நடுவுல குந்திக்கினு வந்துருக்காரு” என்றார் மகளைப் பார்த்து. அமாவாசை வருது, மேல்மலையனூர் கோயிலுக்குப் போயி பேய ஓட்டிட்டு வந்துடலாம் என்று அவரே தீர்ப்பையும் சொன்னார்.

நான் மேற்கொண்டு வாதாடவில்லை. சினிமா பார்த்து விழுந்த மருமகன் என்பதைவிடக் கோட்டைப் பேய் அடித்த மருமகன் என்பது எனக்குக் கொஞ்சம் கௌரவமாகவே தோன்றியது. அறிவியல் வாத்தியார் என்கிற நினைப்பு உறுத்தியது. அதை அதட்டி உட்கார வைத்தேன்.

அமாவாசை அன்று காலையிலேயே கிளம்பினோம். ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. மாமியார் முன்னால் இருந்தவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். உடனே ஜன்னல் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். பக்கத்து சீட்டு அம்மாள் ஆண் பேயா பெண் பேயா என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்று நானே பதில் சொன்னேன். அமாவாசை பஸ்ஸில் காற்று வாங்கிக்கொண்டு போனது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

கோயிலுக்கு வெளியே கூட்டத்தில் எங்களை ஒரு ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மாமியார் எலுமிச்சம்பழம் வாங்கப் போனார். எங்கள் எதிரே ஒரு குடும்பம் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காயை உடைத்தது. உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அது தெறித்து மண்ணில் ஓடி என் கால் வரை வந்தது. பக்கத்தில் இருந்த பந்தக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். பூசணிக்காயைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். வங்கியில் பொய்க் கையெழுத்தைப் பார்க்கிற கண் அது.

“அன்னிக்கு நீங்க சொன்னது நெஜந்தானா?” என்றாள் மெதுவாக.

நெஜம் என்றேன். இந்த மாதிரி ஒரு படம்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை என்றேன்.

“அப்போ போன்ல சிரிச்சது?”

“அது நெஜம். நீ சொன்னது சிரிப்பா இருந்துச்சு.”

“சாப்டுக்கினே பாப்பேன்னது?”

“அது மட்டும் சும்மா.”

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது, பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பின்னிய ஜடை அவிழ்ந்து முன்னால் விழுந்தது. மேல்மலையனூரில், அமாவாசை அன்று, அவிழ்ந்த கூந்தலோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அடக்கமாட்டாமல் சிரித்தால் என்ன ஆகும்? சுற்றியிருந்தவர்கள் மரியாதையாகப் பின்வாங்கி இடம் விட்டார்கள். அவர்கள் விலக விலக இவளுக்குச் சிரிப்பு கூடியது. பழத்தோடு திரும்பி வந்த மாமியார் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “அவர வுட்டுட்டு இவகிட்ட வந்துடுச்சு” என்றார், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

ஒரு பூசாரி வந்தார். யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். இவள் சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கி, “வல்லம். பேங்க்குல வேல” என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை, பின்னால் வரிசை நின்றது. இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு அடித்தார், இரண்டு பேர் கையிலும் கயிறு கட்டினார். மாமியாருக்குப் பரம திருப்தி.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்துக் களைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மாமியார் தூங்கிய பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

“பொய் சொன்னது பரவால்லிங்க. கூட உக்காந்து பாக்க ஒரு ஆளு கெடச்சாச்சுன்னு இருந்தேன். இனிமேலும் நான் தனியாத்தான் பாக்கணுமா?”

அதற்கு முன்னால் நடந்த எதற்கும் எனக்கு வெட்கம் வரவில்லை. தரையில் விழுந்ததற்குக்கூட. இதற்கு வந்தது. கூட உட்காருகிறேன் என்றேன், எப்படி என்று தெரியாமலே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் அதே படத்தைப் போட்டாள். நான் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அவள் முகத்தில் படம் பார்த்தேன். புருவம் ஏறினால் யாரோ வருகிறார்கள். மூக்கு சுருங்கினால் யாரோ போய்விட்டார்கள். இடையில் “இப்போ ஒண்ணும் இல்ல, திரும்பிப் பாருங்க” என்றாள். நம்பித் திரும்பினேன். ஒண்ணும் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த முறை ஏற்கெனவே தரையில்தான் உட்கார்ந்திருந்தேன், விழ இடமில்லை. அவள் அரை மணி நேரம் சிரித்தாள். படத்தில் அந்த அளவு சிரிப்பு இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

அப்படியே பல படங்கள் ஆகிவிட்டன. மாமியார், கயிறு கட்டிய பிறகு மாப்பிள்ளை ஒருநாளும் விழவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமனாருக்குத்தான் ஒரு குறை. என்னால் பாதியில் நின்ற படத்தின் முடிவு அவருக்குத் தெரியவே இல்லை. ஒருநாள் போன் செய்து, அந்த பேண்டு மாஸ்டர் கடைசியில் என்ன ஆனான் என்று கேட்டார். மனைவி போனை என்னிடம் நீட்டினாள். நான், ஒரு காட்சியைக்கூட ஒழுங்காகப் பார்க்காதவன், மேளம் உருண்ட சத்தம் முதல் மலை மொத்தமும் சரிந்தது வரை கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அவர் உம் கொட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“அவன் சாவும்போது ரத்தம் நெறய வந்துச்சா மாப்ள?”

“ரொம்ப, மாமா” என்று சொல்லிவிட்டு, மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.