தனி முழுக்கு

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளைப் பிறந்த வீட்டில் சொல்வார்கள். அது சுருங்கிச் சுருங்கி, கடைசியில் கூப்பிடுவதே ‘சக்கரம்’ என்றாகிவிட்டது. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் நூற்றிருபது தையல் மெஷின்களுக்கும் அவள்தான் மெக்கானிக். நூல் அறுகிறது என்று மூலையிலிருந்து குரல் வருவதற்குள் ஸ்குரூடிரைவரோடு அங்கே நிற்பாள். வீட்டிலும் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தண்ணீருக்கடியில் மட்டும் கொஞ்சம் அடங்குவாள். முப்பத்தெட்டு வயதில் கணவரோடு சேர்ந்து ஸ்கூபா கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்து வருஷம், ஞாயிறு தவறாமல் இருவரும் ஜோடியாகத்தான் இறங்கினார்கள்.

அப்புறம் கணவருக்குச் செவிப்பறை கிழிந்தது. ஆறிவிட்டது, ஆனால் இனிக் கடலுக்கடியில் போகவே கூடாது என்று காது டாக்டர் கையை விரித்துவிட்டார். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், உட்கார்ந்த இடத்தில் வாழத் தெரிந்தவர். அவர் சமாளித்துக்கொண்டார். அவளால்தான் முடியவில்லை. கிளப்பில் துணையில்லாமல் இறங்க விடமாட்டார்கள் என்பதால், வாரத்துக்கு ஒரு முன்பின் தெரியாத ஆளோடு போனாள்.

ஒரு ஞாயிறு அப்படித் துணைக்கு வந்தவர் ஒரு போட்டோக்காரர். மீனைப் படம் பிடிக்கப் போனவர் போனவர்தான். ஐயோ, ஆளுக்கு என்ன ஆச்சோ என்று பாறை பாறையாகத் தேடி, காற்று தீரப்போகும் நேரத்தில் மேலே வந்தாள். அவர் படகில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் படம் நன்றாக வந்திருக்கிறது என்றார். இவ்வளவு நேரமும் தனியாகத்தானே இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனியாக இருப்பதென்றால் அதையாவது முறையாகக் கற்றுக்கொண்டு இருப்போமே.

தனியாக இறங்குவதற்கென்றே ஒரு பயிற்சியும் சான்றிதழும் இருந்தன. நூறு முறையாவது கடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முழுக்கையும் குறித்துவைக்கும் அவள் ஏட்டில் நானூறுக்கு மேல் இருந்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“தனியா முழுகப் போறேன்னு சொல்றதும் என்னைத் தலைமுழுகப் போறேன்னு சொல்றதும் எனக்கு ஒண்ணுதான்.”

ஒரு வாரம் வீடு முள்மேல் நடந்தது. அவள் துடைத்த அலமாரியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுத்தவள் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பக்கத்தைச் சோதிக்கும் முக்குளிப்பாளராக இருந்தவள். எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வேண்டும் என்றாள்: இடுப்போரம் தனியாக ஒரு சின்ன சிலிண்டர், பையில் இன்னொரு முகமூடி, கத்தி இரண்டு. பெரிய சிலிண்டர் நின்றுபோனதாக நினைத்துச் சின்னதுக்கு மாறு, கண்ணை மூடிக்கொண்டு முகமூடியை மாற்று, திசைகாட்டியைப் பார்த்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பு என்று நாள்முழுக்க வறுத்தெடுத்தாள். மெஷினோடு பழகிய கை, சக்கரத்துக்கு இதெல்லாம் கரும்பு தின்ற மாதிரி.

தேர்வில் கோட்டை விட்டாள். பதினெட்டு மீட்டருக்குக் கீழே போகமாட்டேன் என்று அவளே திட்டத்தில் எழுதியிருந்தாள். பதினேழில் ஒரு பெரிய திருக்கை சிறகை விரித்தபடி சரிவில் இறங்கியது. அவளும் பின்னாலேயே போனாள். இருபத்திரண்டில் திரும்பிப் பார்த்தால், தொலைவில் பயிற்சிக்காரி கையைக் கட்டிக்கொண்டு மிதந்துகொண்டிருந்தாள்.

“காற்று மிச்சம் இருந்துச்சே,” என்றாள் சக்கரம், படகில் ஏறியதும்.

“இருந்துச்சுக்கா. ஆனா நீங்க சொன்ன சொல்லை நீங்களே கேட்கலையே. தனியாப் போனா உங்களைத் தடுக்க வேற ஆள் இல்ல.”

மெஷினுக்கு எண்ணெய் விடும்போதும் வரிசையில் நிற்கும்போதும் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி போனாள். கீழே எது போனாலும் பதினெட்டிலேயே நின்றாள். சான்றிதழ் வந்தது.

அதில் ஒரு நிபந்தனை. தனியாக இறங்குகிறவர் எங்கே, எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்குக் கரை என்று எழுதி, கரையில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் மீட்புப் படகைக் கூப்பிடுவது அவர் பொறுப்பு. அவள் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் சிவப்பு மையில் இரண்டு எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டிருந்தன. சரி, மனிதர் இறங்கி வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டாள்.

முதல் தனி முழுக்கில் ஒன்பது நாற்பதுக்குக் கரை, பத்து நிமிஷம் தாண்டினால் போன் என்று எழுதியிருந்தாள். திரும்பும் வழியில் யாரோ அறுத்துவிட்ட தூண்டில் நரம்பு சின்ன சிலிண்டரில் சுற்றிக்கொண்டது. அவசரத்தில் முதல் கத்தி கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டாவது கத்தியைத் தடவி எடுத்து, ஒவ்வொரு இழையாக அறுத்தாள். இன்னும் ஒன்று பாக்கி. ரத்தத்தில் கரைந்த வாயு வெளியேற, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேலே வர வேண்டும். கணவர் கரையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். கால் பரபரத்தது. ஆனாலும் நின்றாள். அவள் வாழ்க்கையிலேயே நீளமான மூன்று நிமிஷம் அதுதான்.

ஒன்பது நாற்பத்தேழுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்றால், எதிரே மீட்புப் படகு வந்துகொண்டிருந்தது. கரையில் கணவர் செருப்பில்லாமல் நின்றார்.

படகுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு அவரிடம் வந்தாள். “பத்து நிமிஷம்னு எழுதியிருந்தேனே?”

“எழுதினது நீ. உட்கார்ந்திருந்தது நான்,” என்றார் அவர். அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை.

வழியில் அவள் நரம்பு சுற்றியதைச் சொன்னாள், நழுவிப்போன கத்தியையும் மறைக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இனிமேல் கூடக் கால்மணி நேரம் சேர்த்து எழுதச் சொன்னார்.

அதன் பிறகு அவள் மாதம் இரண்டு முறை தனியாக இறங்குகிறாள். அவர் தாளை வாங்கி, திருத்தி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். சில ஞாயிறுகளில் இன்றைக்கு என்னால் உட்கார முடியாது என்று சொல்லிவிடுவார். அன்று அவள் போவதில்லை. வீட்டில் இருக்கிற எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போடுகிறாள்.