பார்லி விற்ற ஞாயிறு

பதாகையில் "மலத்தில் ரத்தமா? டாக்டரைப் பாருங்கள்" என்று கொட்டை எழுத்தில் போடப்போகிறேன் என்றதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாப்பாடு விக்கிற எடத்துல அந்த வார்த்தையா? ஒனக்கு வெவஸ்தையே கெடையாதாடி?"

"வேற எப்படிம்மா சொல்றது? பூ வருதுன்னா?"

பெருங்குடல் புற்றுநோய் வந்த இளவயதுக்காரர்களுக்காக நாங்கள் சிலர் நிதி திரட்டிக்கொண்டிருந்தோம். சிகிச்சைக்காகச் சம்பளமில்லா விடுப்பில் கிடப்பவர்களுக்கு வீட்டுச் செலவுக்காவது ஆகட்டும் என்றுதான். எனக்கும் அது முப்பத்தொரு வயதில் வந்தது. சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு மண்டபத்து வாசலில் ஞாயிற்றுக்கிழமை மேசை போட அனுமதி கிடைத்தது. வடையும் பார்லித் தண்ணீரும் அம்மாவின் பொறுப்பு.

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் முதல் பெயர் சூடு. கண் சிவந்தால் சூடு, பரு வந்தால் சூடு. எனக்கு ரத்தம் போனபோதும் அதே சூடுதான். தஞ்சோங் பகார் ஆபீசில் நாள் முழுக்க ஏசியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு எங்கிருந்து வந்தது சூடு என்று படித்த நானாவது கேட்டேனா? ம்ஹூம். ஊறவைத்த வெந்தயம், பார்லி, வாரம் ஒரு எண்ணெய்க் குளியல் என்று எட்டு மாதம் ஓட்டினோம். பிடோக் எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் ஒருநாள் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் டாக்டரிடம் போனேன்.

ஆப்பரேஷன், கீமோ எல்லாம் பட்டாயிற்று. சொந்தக்காரர்களிடம் அம்மா "வயித்துல சின்ன ஆப்பரேஷன்" என்று சொல்லி வைத்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வெந்தயத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சமையலறையில் அந்த டப்பா மட்டும் காணாமல் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதாகையைக் கட்டியே தீர்த்தேன். அம்மா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்லி ஊற்றினாள். அப்பாவின் அக்கா வேறு வரிசையில் வந்து நின்றுவிட்டார். "அத்த முன்னாடி எதுவும் பேசாத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அம்மா என் காதைக் கடித்தாள்.

அத்தைக்கு முன்னால் ஓர் இளைஞன் நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும், ஜிம்முக்குப் போகிற உடம்பு. பதாகையைக் காட்டிச் சிரித்தான்.

"எனக்கும்தான் அப்பப்ப வருது ஆன்ட்டி. சூடு லா. பார்லி ரெண்டு போடுங்க, சரியாப் போயிடும்."

அம்மா நீட்டிய கோப்பையை அவன் வாங்கிவிட்டான். சட்டென்று அம்மா அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். பாதி மேசையில் சிந்தியது.

"எவ்ளோ நாளா?"

"அது... மூணு நாலு மாசம் இருக்கும்."

"இது குடிச்சாப் போகாது தம்பி. நான் குடுத்துப் பாத்துட்டேன். இதோ நிக்கிறாளே, எம்பொண்ணு, இவளுக்கு. மலத்துல ரத்தம் வந்துச்சு. சூடு சூடுன்னு எட்டு மாசம் நாந்தான் குடுத்தேன். கடைசில கேன்சர்."

அந்த இளைஞன் சிரித்தபடியே என்னைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் நின்றது.

"எல்லாருக்கும் கேன்சரா இருக்காது" என்றேன். "ஆனா பாத்தாத்தான் தெரியும். போன எடுங்க. கவர்மென்ட் பாலிகிளினிக்குக்கு இப்பவே அப்பாயின்ட்மென்ட் போடுங்க."

"இப்பவேவா?"

"அப்புறந்தான் பார்லி" என்றாள் அம்மா, கோப்பையை விடாமல்.

அவன் ஓரமாக நகர்ந்து போனைத் தட்டினான். செவ்வாய்க்கிழமை காலை கிடைத்தது. அம்மா திரையைக் கிட்டே வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையைக் கொடுத்தாள்.

அடுத்து அத்தை. "சின்ன ஆப்பரேஷன்னு சொன்னியேடி?"

"பொய் சொன்னேன் அண்ணி" என்றாள் அம்மா. பிறகு மேசையைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "அடுத்த வாட்டி அந்த எழுத்த இன்னும் பெருசாப் போடு" என்றாள்.