இரண்டில் எது சுடுகிறது

ஒரு குழாயை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடித்துக்கொண்டு மெக்கானிக் குனிந்தபடி நின்றார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த பானெட்டுக்குள்ளிருந்து அனல் அடித்தது. முகத்துக்கு அது தெரிந்தது. கைகளுக்குத் தெரியவில்லை.

"எது மாமா?" என்று முன்பக்க மேசையிலிருந்து மச்சினன் கேட்டான். பட்டறை அவனுடையது. அவன் அப்பா விட்டுப்போனது.

"இரு மாப்ளே. இன்னும் கொஞ்சம் சூடேறட்டும்."

"குழாயைப் பிடிச்சுப் பார்க்கச் சொன்னா வெந்நீர் போடுறீங்க."

காரின் சொந்தக்காரி சிரித்தார். தேனீப் பெட்டிகளை ஒரு டிரெய்லரில் அடுக்கி மலைக்கு இழுத்துப்போவதுதான் அவர் பிழைப்பு. எல்லாரும் தேன்காரம்மா என்பார்கள். போன தடவை பாதி ஏற்றத்தில் கியர் பாக்ஸ் எண்ணெய் கொதித்துப்போய் வண்டி நின்றுவிட்டது. வெயிலில் நின்ற பெட்டிகளில் பாதித் தேனீக்கள் செத்தன. நாளை மறுபடியும் ஏற வேண்டும். அதனால் கியர் எண்ணெயைக் குளிரவைக்கத் தனியாக ஒரு கூலரை வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

வேலை பெரிய வித்தை இல்லை. எண்ணெய் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய் ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். திரும்பி வருவதை வெட்டி அதில் கூலரைச் சேர்க்க வேண்டும். போகிற குழாயில் சேர்த்தால், கூலரில் ஆறிய எண்ணெய் ரேடியேட்டரின் சுடுநீரில் மறுபடி சூடாகித் திரும்பும். போகிற குழாய் சுடும், வருகிற குழாய் சூடு குறைந்திருக்கும். பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனையோ வண்டிகளில் அவர் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

அவரைக் குறடு என்றுதான் கூப்பிடுவார்கள். டயர்க் கடையிலிருந்து இந்தப் பட்டறைக்கு வந்த புதிதில், கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை வெறுங்கையால் திறந்தார் என்று ஒரு கதை. பாதி பொய், கையில் துணி இருந்தது. ஆனால் அப்போது முதலாளியாக இருந்த மச்சினனின் அப்பா அந்தக் கதையைத் துணியில்லாமலே ஊரெல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே நம்பிக்கை வந்து பெண்ணையும் கொடுத்துவிட்டார். "என் மருமகனுக்கு மீட்டர் எதுக்கு?" என்பார். பிற்பாடு மச்சினன், தூரத்திலிருந்தே சூட்டை அளக்கிற துப்பாக்கி போன்ற ஒரு கருவியை வாங்கிவந்து மேசைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். குறடு அதை எடுத்து அவன் நெற்றிக்கு நேராக நீட்டி, "மாப்ளே, மண்டைக்குள்ள ஒண்ணும் காட்டலையே" என்றார். பட்டறையே சிரித்தது. அதற்கப்புறம் அவர் அதைத் தொட்டதில்லை.

மரத்துப்போவது கால் விரலில்தான் ஆரம்பித்தது. சர்க்கரை என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் சொன்னார். கைவிரலுக்கு ஏறியதைச் சொல்லவில்லை. நட்டு மரையில் சரியாக உட்கார்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துத் திருகினார். உள்ளே கண்ணுக்கு எட்டாத வேலை வந்தால், "இடுப்பு பிடிச்சிருக்கு, நீ பாரு" என்று மச்சினனிடம் தள்ளினார். கை போனது தெரிந்தால் இந்தப் பட்டறையில் அவருக்கு என்ன வேலை? பயப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு வந்த நோய் மாதிரி இருந்தது.

துப்பாக்கியை எடுக்க மச்சினனைத் தாண்டிப் போக வேண்டும். போனால் கேட்பான்.

"கீழே இருக்கறதுதான் வர்ற குழாய்" என்றார்.

இந்த மாதிரிக் கார்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

என்ஜினை நிறுத்தி ஆறவிட்டுக் கீழ்க்குழாயை வெட்டினார். ரப்பர் குழாய் நழுவாமல் இருக்க வெட்டிய முனைகளைக் கொஞ்சம் விரித்தார். கூலரோடு வந்த பிளாஸ்டிக் பட்டைகளைக் குப்பையில் போட்டார். அவற்றை ரேடியேட்டருக்குள் குத்திக் கட்டினால் ஆட்டத்தில் உரசி உரசி ஓட்டை விழும். இரும்புப் பட்டையை வளைத்துத் தாங்கி செய்து, கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் படும்படி நிறுத்தினார். வேலை அழகாகத்தான் இருந்தது.

"அண்ணே, தேனெடுக்க நீங்க வரலாம்" என்றார் தேன்காரம்மா. "நூறு கொட்டினாலும் அசைய மாட்டீங்க போலிருக்கு."

"கொட்டின தேனீ செத்துடுமாமே. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

எண்ணெய் ஊற்றி மறுபடி என்ஜினை ஓடவிட்டார். வெகுநேரம் ஓடியது. இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, வலது கையில் டார்ச்சோடு நன்றாக உள்ளே குனிந்தார். இடது கையை ஊன்றிக்கொண்டார்.

"என்னமோ தீயுதே" என்றார் தேன்காரம்மா.

அவரும் மோந்து பார்த்தார். ஆமாம். முடி பொசுங்குகிற நாற்றம். "வயர் ஏதாவது உரசுதா பார்க்கிறேன்" என்று டார்ச்சை ஒவ்வொரு இடமாகத் திருப்பினார். பேட்டரிப் பக்கம் ஒன்றுமில்லை. மச்சினன் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"எங்க மாமா? எங்க புகையுது?"

"அதைத்தான் தேடுறேன்."

மச்சினன் குனிந்து பார்த்தான். சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டு அவர் இடது முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தான். புகை போகிற இரும்புக் குழாயின் மேல் அவர் கையை ஊன்றியிருந்தார். உள்ளங்கைத் தோலில் கொஞ்சம் அதிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"அய்யோ, கத்தக்கூட இல்லையே!" என்றார் தேன்காரம்மா. வாளியில் தண்ணீர் பிடித்து அவர் கையைப் பிடித்து உள்ளே அமுக்கினார்.

மச்சினன் மேசைக்குப் போய் ஆணியிலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்தான். கியர் பாக்ஸிலிருந்து கிளம்பும் இடத்தில் மேல்குழாய்க்கு நேராக நீட்டினான். பிறகு கீழ்க்குழாய்க்கு. மறுபடி ஒரு தடவை இரண்டுக்கும். என்ஜினை நிறுத்தினான்.

"மாத்தி வெட்டியிருக்கீங்க மாமா."

"ம்."

"எத்தனை நாளா இப்படி?"

"நாள் இல்லை. போன மழைக்கு முன்னாடியே."

"அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் கையை வாளிக்குள் இன்னும் ஆழமாக அமுக்கினார்.

"வாய் என்ன, அதுவும் மரத்துப்போச்சா?" மச்சினன் குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. "இந்தம்மா நாளைக்கு மலையேறணும். வழியில நின்னிருந்தா? அந்தப் பூச்சிங்க மொத்தமும் போயிருக்கும். நானா கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா? கேட்டாத்தானே சொல்ல, கேட்கவும் விடமாட்டீங்க."

"திட்டாதீங்க தம்பி. கை வெந்து கிடக்கு."

"அவருக்குத்தான் வலிக்கலையே!"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. குறடு வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குளிர்ந்திருக்குமா என்று யோசித்தார்.

மச்சினன் பட்டறைச் சட்டையை மாட்டிக்கொண்டான். வெட்டிய கீழ்க்குழாயை ஒரு துண்டு ரப்பர் குழாயால் மறுபடி இணைத்தான். மேல்குழாயை வெட்டுவதற்கு முன் திரும்பிப் பார்த்து, "எவ்வளவு விட்டு வெட்டணும் மாமா?" என்றான்.

"வளைவுக்கு முன்னாடி. நேரா இருக்கற இடத்துல."

"இங்கயா?"

"இன்னும் இந்தப் பக்கம். ஆங்."

அதற்கு மேல் அவனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அவர் சொல்லித்தான் அவன் இந்த வேலையைக் கற்றிருந்தான். இருட்டுவதற்குள் முடித்துவிட்டான். கூலர் மாட்டிய இடத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை மனைவி சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அவள் தம்பி ராத்திரியே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். கட்டுப் போட்ட கையோடு பட்டறைக்குப் போனார். மச்சினன் முன்பக்க மேசையைக் காட்டினான், உட்கார்ந்தார். போன் வந்தால் எடுத்தார். ஒருவர் பிரேக் எண்ணெய் கேட்டு வந்தார், கொடுத்தார். இன்னொருவர் குறடு இருக்காரா என்று விசாரித்தார், மச்சினன் உள்ளே இருக்கிறான் என்றார். மதியத்துக்கு மேல் தேன்காரம்மா மலை மேலிருந்து பேசினார். வண்டி சூடாகாமல் ஏறிவிட்டது, பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே போய் மச்சினனிடம் சொன்னார். அவன் ஒரு காருக்கு அடியிலிருந்து, "சரி மாமா" என்றான். திரும்பி வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் மச்சினன் ஷட்டரை இறக்கினான், இரண்டு பேரும் வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள்.