பேப்பரில் அப்படித்தான் போட்டிருக்கு

வயோதிபர் வீடுகளில் பராமரிப்பு வேலை செய்கிற நமக்கு குனிந்து தூக்குகிற நாரி நோவு பழகிப்போகும். நம் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் சந்தேகப்படுவது மட்டும் பழகாது. டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில் பதினாறு வருடமாக இந்த வேலையில் மாரடிக்கிறேன். கூட வேலை செய்பவள் அக்குவா. தகப்பன் கானாக்காரர், அவள் பிறந்தது இங்கேதான். அவளுக்குத் தற்காலிக வேலை, நிரந்தரமாக்குவார்களா என்பது மாத முடிவில் தெரியும் என்றிருந்தது.

அட்டையைக் காட்டு

பராமரிப்பாளர்போல நடித்து ஒரு கிழவியின் நகையை யாரோ களவெடுத்துவிட்டார்கள். பேப்பரின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: கறுத்த தோலுள்ள ஆள். உயரம் இல்லை, வயது இல்லை, தோல் மட்டும். அடுத்த நாள் காலை இங்கர் அம்மா எனக்குக் கதவு திறக்கவில்லை. ஆறு வருடமாக அவவைக் குளிக்க வார்க்கிறவள் நான். மழைக்குள் நின்று அடையாள அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தா.

"உன்னை எனக்குத் தெரியும்தான். ஆனா பேப்பரில அப்பிடித்தான் போட்டிருக்கு."

வெள்ளிக் கிண்ணம்

பவுல் என்ற கிழவர் வீட்டில் ஒரு வெள்ளிச் சீனிக் கிண்ணம். நான் போனால் மேசையில் இருக்கும். அக்குவா போகிற நாளில் அலுமாரிக்குள் போய்விடும். பொறுக்காமல் ஒருநாள் ஏன் என்று அவரிடமே கேட்டேன். டென்மார்க் மேற்கிந்தியத் தீவுகள் சிலவற்றை ஆண்ட காலத்தில் பவுலின் பூட்டனுக்குத் தகப்பன் அங்கே கரும்புத் தோட்டம் வைத்திருந்தவராம். அடிமைகளை அடித்து வேலை வாங்கிய காசில் வந்த கிண்ணம். மனிதரையே களவெடுத்த குடும்பம் இன்றைக்குக் கிண்ணம் களவுபோகுமென்று பயப்படுகிறது. பவுல் பதறாமல் சொன்னார்:

"எங்கட குடும்பத்தில அது பழக்கம். அவரும் அந்த ஆக்களுக்குப் பயந்து கதவைப் பூட்டிப்போட்டுத்தான் படுக்கிறவராம்."

பதினோராம் பக்கம்

கள்ளன் பிடிபட்டான். எங்கள் ஒபிஸில் இரண்டு பேருக்குத் தெரிந்தவன், பொன்னிறத் தலைமயிர்க்காரன். நகையைப் பறிகொடுத்த கிழவி கண்டது கறுத்த தொப்பியும் முகத்தை மூடிய சால்வையும்தானாம். செய்தி பதினோராம் பக்கத்தில், விதை விளம்பரத்துக்குக் கீழே நாலே வரி. இப்போது தோலின் நிறம் யாருக்கும் தேவைப்படவில்லை. பக்கத்தைக் கிழித்துக்கொண்டு இங்கர் அம்மாவிடம் ஓடினேன். கண்ணாடி போட்டு நிதானமாக வாசித்தா.

"பாவம், அவனுக்கு வீட்டில என்ன கஷ்டமோ."

நான் சொன்னது

இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் வெட்கம். கள்ளன் பிடிபட முதலே பவுலும் இங்கரும் ஒபிஸுக்குப் போன் எடுத்து, அக்குவா வேண்டாம் என்றிருந்தார்கள். மேலாளர் அந்த இரண்டு வீட்டையும் முழுக்க என்னிடம் தந்தா. உன்னோடு அவர்களுக்குப் பயமில்லையாம் என்றா. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. எங்கள் ஆட்கள் கொண்டாட்ட வீடுகளில் கதைக்கிற கதை அப்படியே டேனிஷில் வாயில் வந்தது: "ஓம், நாங்கள் இலங்கைத் தமிழர், ஆபிரிக்கர் மாதிரி இல்லை."

பின்னால் கோப்பி வார்த்துக்கொண்டு நின்றவள் அக்குவா. கள்ளன் பிடிபட்ட பிறகும் அந்த வீடுகளை யாரும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாத முடிவில் வேலையும் நிரந்தரமாகவில்லை. கடைசி நாள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப நாங்கள் எப்பிடியான ஆக்கள்? நீ சொல்லு."

பேப்பர்காரனையும் பவுலையும் மூச்சுவிடாமல் திட்டத் தெரிந்த நான், அடுத்த நாளும் பவுல் வீட்டுக்கு வேலைக்குப் போனேன். வெள்ளிக் கிண்ணம் மேசையிலேயே இருந்தது.