பவளம் சுருங்கிய மழைக்காலம்

தம்பி கத்தாருக்குப் போகும்போது எனக்கு இரண்டு பொறுப்புகளை விட்டுப் போனான். ஒன்று அம்மா. இன்னொன்று, கொழும்பில் கடல்மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை செய்த காலத்தில் அவன் சேர்த்த கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள், சில நத்தைகள், கல்லில் ஒட்டி வளர்ந்த ஒரு மென்பவளம்.

டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து எல்லையில் எங்கள் வீடு. அம்மாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த பிறகு கட்டிலை முன்னறையில் போட்டோம். நான் ஹட்டனில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விட்டால் மாலை வரை அம்மாவுக்குத் துணை அந்தத் தொட்டிதான். பக்கத்து வீட்டு அக்கா மத்தியானம் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போவார். அம்மாவுக்குத் துணையாக இல்லாவிட்டால் அந்தத் தொட்டியை எப்போதோ யாரிடமாவது கொடுத்திருப்பேன். எனக்குக் கடலும் தெரியாது, பவளமும் தெரியாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நான் குடையை மடக்கும் முன்பே அம்மா சொன்னார், குழறிக் குழறி.

"அது மூடிக்கிருச்சு பிள்ள. காலையில இருந்து தெறக்கவே இல்ல."

பூப்போல விரிந்து ஆடும் அதன் விரல்கள் எல்லாம் உள்ளே போய், பவளம் பழைய தோல் செருப்பு மாதிரிக் கிடந்தது. நனைந்த சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இன்னொரு நோயாளியா என்றுதான் முதலில் தோன்றியது.

தம்பியை வீடியோவில் கூப்பிட்டேன்.

"சில நேரம் தோல் உரிக்கும்க்கா, அப்ப இப்பிடித்தான் மூடிக்கும். பயப்படாதீங்க. சூடு எவ்வளவு காட்டுது? உப்பு பாத்தீங்களா?"

இரண்டும் சரியாக இருந்தன. மலைக்குளிருக்காக அவன் மாட்டிய சூடேற்றியும் வேலை செய்தது. காத்திருந்தேன். தோல் உரியவில்லை. ஓரத்தில் பழுப்பாக ஒரு புண் வந்தது, கிட்டப் போனால் நாறியது. பிறகு நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் விழுந்தன. மீன்கள் மட்டும் எப்போதும்போலத் தீனிக்கு ஓடி வந்தன.

அதைத் தம்பியிடம் சொன்னேன்.

"மீனு நல்லா இருந்து நத்தையும் பவளமும் மட்டும் சாகுதுன்னா செம்பா இருக்கும்க்கா. தொட்டிக்குள்ள ஏதாவது விழுந்திருக்கா? சல்லிக்காசு, கம்பி?"

முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. கொழும்பில் அவனோடு வேலை செய்த ஒருவர், செம்பைச் சோதிக்கும் மருந்துக் குப்பியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். தொட்டித் தண்ணீரில் சொட்டுகள் விட்டதும் நிறம் மாறியது. காரணம் செம்புதான். அது எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

தொட்டியில் வற்றுகிற அளவுக்கு நான் ஊற்றியது எங்கள் குழாய்த் தண்ணீர்தான், அதுவும் கொதிக்கவைத்து ஆறவைத்தது. மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறி வரும்போது மேல்மலையில் முதுகில் டாங்கியோடு ஆட்கள் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புள நோய் வராமலிருக்க அடிக்கிற மருந்து. தேயிலை இலைகளில், செம்பு மருந்துக்கே உரிய நீலம் படிந்திருந்தது. அந்த மலைக்கு அடியில் ஓடும் ஓடையிலிருந்துதான் எங்களுக்குக் குழாய் வருகிறது. வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதே சொட்டுகளை விட்டேன். லேசாகத்தான், ஆனால் மாறியது.

குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். சற்று முன்புதான் அந்தத் தண்ணீரில் மாத்திரை கொடுத்திருந்தேன். பவளத்தைக் கொல்கிற அளவு மனிதரை ஒன்றும் செய்யாது என்று தம்பி சொன்னான். இருக்கலாம். கோபப்படக்கூட அன்றைக்கு என்னிடம் தெம்பு இல்லை.

தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னபோது பெரிய கிளாக்கர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேனேஜர் தொரைக்கிட்ட சொல்றேன் டீச்சர். ஆனா மருந்தடிக்காம விட முடியாதுங்களே."

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "நாங்க பொறந்ததுல இருந்து இதத்தானே குடிக்கிறோம்."

ஆனாலும் குப்பியில் மாறிய நிறத்தை அவர் தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரரும் இன்னும் சிலரும், தேயிலைக்கு மேலே காட்டோரம் இருந்த ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் இழுத்தார்கள். நானும் சேற்றில் நின்று பிடித்துக்கொடுத்தேன். எங்கள் வீட்டையும் சேர்த்துப் பாதி வீடுகளுக்குத்தான் அது எட்டியது. மற்றவர்கள் இன்னும் ஓடைத் தண்ணீர்தான் எடுக்கிறார்கள்.

தம்பி வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, பவளத்தின் அழுகிய பாதியைப் புது பிளேடால் அறுத்தெடுத்தேன். கரி போட்டு வடிகட்டி, ஊற்றுத் தண்ணீரில் உப்புக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை மாற்றினேன். பள்ளிக்கூடம், அம்மா, வாளி. வேறொன்றும் நினைவில்லாத வாரங்கள் அவை.

ஒரு மாலை அம்மா நன்றாக இருந்த கையால் தொட்டியைக் காட்டினார். மிச்சமிருந்த பாதியில், ஒரு ஓரமாக, சில விரல்கள் வெளியே வந்து ஆடின. "நல்லாயிருச்சா?" என்று கேட்டார்.

"பாதி நல்லாயிருச்சும்மா" என்றேன். அடுப்பில் சோறு கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன்.