சந்தியில் நின்ற வரைபடம்

சுதர்சினி கிளிநொச்சியில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் வரைபடம் செய்பவள். கம்ப்யூட்டரில் காணிகளுக்கு நிறம் கொடுப்பதும், கிணறு, கோயில், பாதைக்கு அடையாளம் போடுவதும், பொருத்தமான எழுத்துருவைத் தெரிவுசெய்வதும் அவள் வேலை. அப்பா சுடலைமுத்து எழுபத்தேழு இனக்கலவரத்தில் மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து சிறுவனாக வன்னிக்கு வந்தவர். போருக்குப் பிறகு பூநகரிப் பக்கம் குடியேறி, ஆடு வளர்த்து மகளைப் படிப்பித்தார்.

சென்ற வருடம் அவர்களுடைய ஊருக்கே வரைபடம் தேவைப்பட்டது. வெடி எடுத்து முடிந்த காணி பச்சை, எடுக்காத காணி சிவப்பு. கண்ணை உறுத்தக்கூடாதென்று இரண்டு நிறத்தையும் மங்கலாக்கினாள். எழுத்துக்கு மெல்லிய, வளைவான ஒன்றைத் தெரிவுசெய்தாள். பிள்ளைகள் பயப்படுவார்களென்று மண்டையோட்டுக் குறியைச் சிறிதாக்கி மூலையில் வைத்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. படம் பெரிய பலகையில் ஒட்டப்பட்டு ஊர்ச் சந்தியில் நின்றது. சுடலைமுத்து போகிற வருகிறவர்களை மறித்து, "என்ர மகள் கீறினது," என்று காட்டினார்.

மாரி மழையில் காணியோரத்து எச்சரிக்கைக் கட்டைகள் சாய்ந்து போயின. தை மாதத்தில் ஒரு காலை, சுடலைமுத்துவின் ஆடொன்று பற்றைக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. அவர் சந்திக்கு நடந்து, பலகையைப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தேடிப் போனார். வெடிச்சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்டது. ஆடு தன்பாட்டில் வீடு வந்து சேர்ந்தது.

ஆசுபத்திரியில் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சுதர்சினி கட்டிலருகே கதிரையில் இருந்தாள்.

"ஏனப்பா அங்கால போனனீங்கள்? படத்தில சிவப்பெல்லோ போட்டிருக்கிறன்?"

"பாத்தனான் பிள்ளை. எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடந்தது. எழுத்தும் விளங்கேல்லை. முழுக்கத் துப்புரவாக்கிப் போட்டாங்களெண்டு நினைச்சன்."

அவளுக்குப் புரியவில்லை. விறாந்தையில் வைத்து அம்மா கமலாட்சிதான் சொன்னாள்.

"அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. செடியில மிளகாய் ஆயேக்குள்ள பழத்தையும் காயையும் ஒண்டாத்தான் ஆய்வார். எத்தினை தரம் ஏசியிருப்பன்."

"இதை ஏனம்மா ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"மிளகாய் ஆயிற கதையைப் போய் உன்னட்டச் சொல்லுவனே?"

காயத்தில் கிருமி ஏறி, சுடலைமுத்து அந்த வாரமே இறந்துபோனார். கடைசிவரை மகளை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பியவள் அந்தப் படத்தைத் திறந்தாள். நிறம் முழுவதையும் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் பார்த்தாள். வெடியுள்ள காணியும் வெடியில்லாத காணியும் ஒரே சாம்பலாக நின்றன. கனநேரம் மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். பிறகு வெடியுள்ள காணிகளுக்குக் குறுக்கே தடித்த கறுப்புக் கோடுகள் அடித்தாள். மண்டையோட்டை ஒவ்வொன்றின் நடுவிலும் பெரிதாக வைத்தாள். எழுத்தை நேராக்கித் தடிப்பாக்கினாள்.

கூட வேலை செய்யும் கிருசாந்தன் எட்டிப் பார்த்தான். "முந்தினதுதான் வடிவு."

"ஓம்," என்றாள். படத்தை அச்சுக்கு அனுப்பினாள்.

பழைய பலகை நின்ற இடத்திலேயே புதியது நாட்டப்பட்டது. கமலாட்சி இப்போது அந்தச் சந்தியால் போவதில்லை. கடைக்கு வயல் வரம்பால் சுற்றித்தான் போகிறாள். ஏனென்று மகள் கேட்டதில்லை.