யாரும் வாங்க வராத குக்கர்

எங்கள் மசாலை மில்லிலிருந்து நான் அனுப்பிய மின்மடலைத் திறந்து படித்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அதில் ஒரு விரல் நான். ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க என் முகவரியையும் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு மாதம் அந்த விரலும் திறக்கவில்லை. என் கடிதம் எனக்கே அலுத்துப் போயிருந்தது.

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவன் நான். யோங் பெங்கில் மனைவியின் அப்பா நடத்திய அரைவை மில் இருந்ததால் அங்கே வந்து சேர்ந்தோம். ஆண்ட்டிமார்கள் வருவார்கள், மிளகாய், மல்லி, சோம்பு என்று தங்கள் வீட்டு அளவைச் சொல்வார்கள், மனைவி வறுத்து அரைத்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வீடு அளவு மாறும். யாருக்கு மிளகு கூட, யாருக்குச் சோம்பு தூக்கல் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருக்கிறது. என் தலைக்குள் இருப்பது தும்மல். மிளகாய் அரைக்கும்போது நான் பக்கத்தில் நின்றால் இயந்திரத்தின் சத்தமே கேட்காது. "நீங்க அந்தப் பக்கம் போயி கம்ப்யூட்டர்ல எதாச்சும் செய்ங்க லா" என்று ஒருநாள் விரட்டினாள். இப்படித்தான் நான் எங்கள் விளம்பரப் பிரிவுக்குத் தலைவனானேன்.

விளம்பரம் தேவையாகத்தான் இருந்தது. பாக்கெட் தூள் எல்லாப் பேரங்காடியிலும் கிடைக்கிறது. மில் பாதி நாள் சும்மா கிடந்தது. சிங்கப்பூரில் ஒரு பெரிய சமையற்கூடத்தில் மனைவிக்கு வேலை தயார் என்று ஒரு ஏஜெண்ட் அம்மா மரியாதையாக, ஆனால் விடாமல், போன் செய்துகொண்டிருந்தார். யோங் பெங்கிலிருந்து தினமும் போய்வர முடியாது. விடுதியில் தங்க வேண்டும். விடுமுறை கிடைத்தால் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று வீட்டுக்கு வந்து, துணி துவைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

"தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உங்க லெட்டரு ஆளுங்கள கூட்டிட்டு வந்துச்சுன்னா இருக்கேன். இல்லன்னா போறேன்" என்றாள். சண்டையாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

ஈமெயில் முகவரி சேர்க்க ஒரு லக்கி டிரா வைத்தேன். தூள் வாங்கினால் ஒரு சீட்டு, அதில் பெயரும் ஈமெயிலும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பரிசு ஒரு ரைஸ் குக்கர். பெட்டி நிரம்பி வழிந்தது. குலுக்கி ஒரு சீட்டை எடுத்து, அதிர்ஷ்டசாலிக்கு ஈமெயில் அனுப்பினேன். யாரும் வரவில்லை. மறுபடியும் அனுப்பினேன். குக்கர் அலமாரியில் தூசியும் மஞ்சள் தூளும் படிந்து உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்றை அதிலேயே ஆக்கத் தொடங்கினோம்.

மடல்களைப் பொறுத்தவரை நான் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் ஒரு இளைஞர் வகுப்பு எடுக்கிறார், நான் மாணவன். தலைப்பில் அவசரம் வேண்டும் என்றார் அவர். 'உடனே திறக்கவும்!' என்று எழுதினேன். ஆசை காட்ட வேண்டும் என்றார். 'உங்களுக்காக ஒரு பரிசு காத்திருக்கிறது!' என்று எழுதினேன். பயம் காட்டினால் இன்னும் நல்லது என்றார். 'இதுவே கடைசி வாய்ப்பு!' என்று ஒவ்வொரு மாதமும் எழுதினேன். உள்ளே இருந்த செய்தி என்னவோ ஒன்றுதான்: புதிதாக அரைத்த தூள், இன்று மாலைக்குள் கடைக்கு வந்தால் சலுகை. கடைசி வாய்ப்பு முடிந்த மறுநாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். லாரிகள் நெடுஞ்சாலைக்குத் திரும்பிப் போகும்.

தீபாவளி நெருங்கிய சமயம், லாபிஸிலிருந்து வழக்கமாக வரும் ஆண்ட்டி பஸ் பிடித்து வந்தார். தூளுக்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏன் தம்பி, அந்தக் குக்கரு யாருக்குத்தான் விழுந்துச்சு?"

"யாருக்கோ விழுந்துச்சு ஆண்ட்டி. ஈமெயில் போட்டுப் பாத்துட்டேன், ஆளக் காணோம்."

"போன் போட்டுக் கேக்கறதுதானே?"

சீட்டில் போன் நம்பருக்கு இடமே விடவில்லை. ஈமெயில் மட்டும் கேட்பதுதான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அதை மறைக்க, மேசை இழுப்பறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பெயரைப் படித்தேன்.

"அலமாக்! அது எம் மவன் லா!"

"உங்க மகன் எப்ப ஆண்ட்டி கடைக்கு வந்தாரு?"

"அவன் எங்க வந்தான்? அவன் சிங்கப்பூர்ல கெடக்கான். நான்தான் எழுதிப் போட்டேன். எனக்கு ஏது ஈமெயிலு? புள்ளைங்க நாலு பேரு, ஆளுக்கு ஒண்ணா போட்டேன். எல்லாருமே அப்படித்தான் போட்டாங்க. ஏன், கூடாதா?"

கூடாது என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆண்ட்டி அதற்குள் மகனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைத் திறந்துவிட்டார்.

"டேய், ஒனக்குக் குக்கரு விழுந்திருக்குன்னு லெட்டரு வந்துச்சா இல்லியா?"

"ம்மா, அது ஸ்கேம் லா. உடனே திற, பரிசு இருக்கு, கடைசி சான்ஸுன்னு மாசாமாசம் வருது. எவனோ வேலைவெட்டி இல்லாதவன். நான் அப்பவே அழிச்சிட்டேன்."

ஆண்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வேலைவெட்டி இல்லாதவரு இங்கதான் நிக்கிறாரு. பேசுறியா?"

மகன் போனை வைத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. பின்கட்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "ஆண்ட்டி, கொஞ்சம் இருங்க, குக்கர கழுவிக் கொண்டாரேன்" என்றாள்.

"புதுசுதானே, எதுக்குக் கழுவணும்?"

சரியாக அந்த நேரத்தில் உள்ளே குக்கர் 'டிக்' என்றது. வெந்த சோற்றின் வாசம் மசாலை நெடியைத் தாண்டி வந்தது. ஆண்ட்டி மூக்கை உறிஞ்சினார். "அப்ப சரி. என் குக்கரு சோற நானே தின்னுட்டுப் போறேன்."

மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பை ஊற்றிக்கொண்டே ஆண்ட்டி மனைவியிடம் சொன்னார்: "நீ அரைச்சுக் குடுக்கறதுல முக்காவாசி எனக்கா? ஒத்த ஆளு எம்புட்டுத் திம்பேன்? லீவுக்கு வர்றவனுங்க டப்பா டப்பாவாத் தூக்கிட்டுப் போயிடுறானுங்க. அங்க கடைத்தூளு வாயில வைக்க முடியலையாம்."

மனைவி சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். "இத்தன நாளா யாருக்கு லெட்டர் எழுதுறோம்னு இப்பத் தெரியுதா உங்களுக்கு?"

தெரிந்தது. சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் தூங்கி வழிகிறவனிடம், மாலைக்குள் யோங் பெங் கடைக்கு வா என்று மாதாமாதம் மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த மடலை அவள் நின்றுகொண்டே சொன்னாள், நான் தட்டினேன்.

"தலைப்பு என்ன போடட்டும்?"

"உங்க அம்மா தூள் அரைக்கிற மில்லுன்னு போடுங்க. அது போதும்."

"பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி?"

"ஒண்ணும் வேணாம்."

மடல் சின்னது. உங்கள் அம்மாதான் உங்கள் முகவரியைக் கொடுத்தார். வேண்டாமென்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம். உங்கள் வீட்டு அளவு எங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு வரும்போது தூள் வேண்டுமானால் பதில் எழுதுங்கள், அரைத்து வைக்கிறோம். குக்கர் பரிசு உண்மையானதுதான். உரியவரின் அம்மா வாங்கிப் போய்விட்டார். இந்தக் கடைசி வரி மட்டும் என்னுடையது. மானம் என்று கொஞ்சம் எனக்கும் இருக்கிறது.

பதில்கள் வந்தன. சிலர் பெயரை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். பட்டியல் இளைத்துவிட்டது, ஆனால் மிச்சமிருந்தவர்கள் திறந்து படித்தார்கள். ஒரு பெண் எழுதியிருந்தார்: 'அம்மா தூள்தான் வேணும். காரம் மட்டும் பாதி. வீட்டுக்காரர் தாங்கமாட்டார். அம்மாவுக்குத் தெரிய வேணாம்.' அந்த அம்மா மறுநாளே தன் தூளை வாங்க வந்து, மகளுக்கென்று கட்டி வைத்திருந்த பொட்டலத்தையும் திறந்து முகர்ந்துவிட்டு, "எவன் என் அளவுல கை வச்சது?" என்று கேட்டார். மனைவி என்னைக் கை காட்டினாள். விளம்பரப் பிரிவு எதற்கு இருக்கிறது?

பிறகு மில் நாள் முழுக்க ஓடியது. கம்ப்யூட்டரிலிருந்து என்னையும் இழுத்துப் பொட்டலம் கட்ட நிறுத்தினாள். தும்மித் தும்மி விலா வலித்தது. முகத்தில் துணி கட்டி, கண்ணில் நீர் வழிய நின்றேன். வந்தவர்களில் சிலர் துக்க வீடு என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

பண்டிகைக்கு முன்பு ஒரு காலையில் ஏஜெண்ட் அம்மா மறுபடியும் கூப்பிட்டார். மனைவியின் இரு கைகளிலும் மிளகாய்த்தூள். போனை நான்தான் எடுத்து அவள் காதருகே பிடித்தேன். அவள் தலையை ஆட்டி, என்னையே சொல்லச் சொன்னாள்.

"இந்த மாசம் வரலன்னு சொல்லுங்க."

வாய்ப்பகுதியைக் கையால் மூடிக்கொண்டு கேட்டேன். "இந்த மாசம் மட்டுமா?"

"அடுத்த லெட்டருக்கு எத்தன பேரு பதில் போடறாங்கன்னு பாத்துட்டு மிச்சத்தச் சொல்றேன்."

சொன்னேன். ஏஜெண்ட் அம்மா, பரவாயில்லை, பிறகு கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடுவார்.

தீபாவளி முடிந்து, பிள்ளைகளெல்லாம் டப்பாக்களோடு பாலம் தாண்டிப் போய்விட்டார்கள். மில் ஓய்ந்து கிடக்கிறது. புதிதாக வாங்கிய குக்கரில் சோறு வேகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தலைப்பு இடத்தில் விரல் பழக்கத்தில் 'உடனே' என்று தட்டிவிட்டது.

"என்ன தட்டுறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அழித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நீயே சொல்லு" என்றேன்.